கோழிக்கால் காட்சி

படம் பிடித்தபோது கோடைக்காலம்.
நாயகனுக்கு வெள்ளைக் கோட்டு,
நாயகிக்கு வெள்ளைத் தொலைபேசி,
நடுவே ஒரு தவறான எண்.
அவ்வளவுதான் கதை.
போர் என்ற சொல் வசனத்தில் ஒரு தடவைகூட வராது.
தணிக்கைக்காரர் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

குரல் சேர்க்க உட்கார்ந்தபோது பனி.
அதற்குள் அரசு மாறி, கொடி மாறி,
ரோமின் தெருமுனைகளில் ஜெர்மன் எழுத்து ஏறி,
நாயகன் போர்முனை தாண்டித் தெற்கே ஓடிப்போனான்
குரலையும் கூடவே எடுத்துக்கொண்டு.
முகம் மட்டும் எங்களிடம்,
ஒன்பது ரீல்.

இவன் பேசட்டும் என்று கொண்டுவந்து நிறுத்தினார்கள்
ஓரெஸ்தேயை.
டிராம் கம்பெனியில் கணக்கு எழுதியவன்.
பட்டாளத்து அழைப்பைக் கிழித்துப்போட்டுவிட்டு
எங்கள் உடையறையில்
ராஜகுமாரிகளின் பாவாடைகளுக்குப் பின்னால் படுத்துக்கிடந்தான்.
குரல் வெண்ணெய்.
ஆள் நனைந்த குடை.

நாயகியின் குரல் இசோலீனா.
தோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போன வருடம் அது;
தக்கைச் செருப்பில் பெண்கள் பூனைகளாய் நடந்தார்கள்.
திரையில் அவள் டக் டக்கென்று படியிறங்க
நான் இரண்டு வால்நட் ஓடுகளைப் பளிங்கில் தட்டினேன்.
அதுதான் என் உத்தியோகம்.
மழைக்குச் சல்லடையில் காய்ந்த பட்டாணி.
பட்டாணியை நவம்பரிலேயே அவித்துத் தின்றுவிட்டோம்,
அதனால் அந்தப் படத்தில்
கூழாங்கல் மழை.

"வாக்கியத்தின் நடுவில் மூச்சு விடுகிறார்" என்றாள்.
"இவங்க விடுறதே இல்லை" என்றான்.
இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

ஐந்தாம் ரீலில் கோழிக்கால்.
கடித்துக்கொண்டே காதலைச் சொல்ல வேண்டும், வேடிக்கை அதில்தான்.
ஓரெஸ்தேயிடம் இருந்தது அவித்த டர்னிப் ஒன்று.
ஈரத்துணி பிழிகிற சத்தம்.
அதையும் மீறி மைக்கில் விழுந்தது
அவன் வயிறு.

இசோலீனா கைப்பையைத் திறந்தாள்.
அன்றைய பங்கு, நூற்றைம்பது கிராம்,
ரொட்டி என்று பெயர்.
கையில் தரவில்லை. வசனத்தாள் மேல் வைத்து,
"ஒரே டேக். அடுத்ததுக்கு நாளைக்குத்தான் மாவு" என்றாள்.

கடித்தான்.
"உங்களை, நான், எண்ணைத் தப்பாச் சுத்தினதிலிருந்தே..."
ஓகே என்று இயக்குநர் சொன்னதும்
ஊர்ச் சங்கு ஊதிற்று. விளக்கு போயிற்று.
யாரும் நிலவறைக்கு இறங்கவில்லை.
இருட்டில் மெல்லும் சத்தம்.
கொஞ்ச நேரத்தில் அது
இரண்டு பேர் மெல்லும் சத்தம்.

ஒன்பதாம் ரீலில் முத்தம்.
மைக்கின் இருபுறமும் நின்று
அவரவர் மணிக்கட்டை அவரவர் முத்தமிடுவது வழக்கம்.
இரண்டு சத்தம் வரும், நான் ஒன்றாய்க் கலப்பேன்.
அன்று ஒன்றுதான் வந்தது.
"நீளம் ஜாஸ்தி" என்றார், திரையையே பார்த்திருந்த இயக்குநர்,
"அங்கே எப்பவோ விலகிட்டாங்க."
ஏழு டேக்,
கச்சா ஃபிலிம் கிராம் கணக்கில் கிடைத்த காலத்தில்.

மார்ச்சில் ஒரு காலை வாசலில் லாரி.
பூட்ஸ்கள் உடையறைப் பக்கம் திரும்பின.
எனக்கு வீரமெல்லாம் கிடையாது.
கையில் ஓடுகள் இருந்தன, தட்டினேன்,
மேல்மாடிப் பளிங்கில், டக் டக் டக்,
ஒரு சீமாட்டி அவசரமாய் ஓடுகிற மாதிரி.
பூட்ஸ்கள் மேலே ஏறி வந்தன.
கீழே, நீலப் பட்டுப் பாவாடை ஒன்று
தக்கைச் செருப்பில் தெருவைக் கடந்தது.
மைக் முன்னால் இசோலீனா
வெறுங்காலோடு நின்று
நாயகிக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு ஓடு உடைந்துபோயிற்று. கன்னத்தில் அறை விழுந்தது. அவ்வளவுதான்.

படம் வெளிவந்தது போர் முடிந்து இரண்டாம் வருடம்.
வெள்ளைத் தொலைபேசி யாருக்கு வேண்டும் அப்போது?
அரங்கில் பதினோரு பேர்.
மழைக் காட்சியில் பின்வரிசையில் ஒரு பெண்குரல்,
"பட்டாணி இல்லை" என்று சொல்லிச் சிரித்தது.
நான் திரும்பவில்லை.
பக்கத்தில் யாராவது மெல்கிறார்களா என்று
காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.